கொடுமைக்கு மொழிகள் இட்ட பெயர்

கொடுமை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் சொல்கிறோம். சித்திரை வெயிலும் கொடுமை; விலைவாசியும் கொடுமை; கொசுக்கடியும் கொடுமை. ஏறவேண்டிய பேருந்து நிற்காமல் போய்விட்டால் அதுவும் 'என்ன கொடுமை!' எனப்படுகிறது. இவ்வாறு எதற்கும் எடுத்தாளப்பட்டு அச்சொல் தேய்ந்துவிட்டது. தேய்ந்த நாணயத்தில் முத்திரை தெரியாததுபோலத் தேய்ந்த சொல்லில் பொருள் தெரிவதில்லை. அதனால் விளையும் தீங்கு யாதெனின், உண்மையான கொடுமை நம் கண்முன்னே, சில வேளைகளில் நம் கையாலேயே நிகழும்போது, அதனை அப்பெயரால் அழைக்க நமக்கு நா எழுவதில்லை. 'கண்டிப்பு' என்கிறோம், 'வழக்கம்' என்கிறோம், 'எல்லாம் அவன் நன்மைக்காகத்தான்' என்கிறோம்.

ஆகவே இச்சொல்லின் வேரைத் தோண்டிப் பார்ப்பது காலப்போக்குக்கான அகராதி ஆராய்ச்சி ஆகாது. ஆங்கிலேயர் கொடுமைக்கு இட்ட பெயர் யாது, அரபியர் இட்ட பெயர் யாது, தமிழர் இட்ட பெயர் யாது என்று ஒப்பிட்டு நோக்கினால் கொடுமை எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். தொடங்கும் இடம் தெரிந்தால்தான் நிறுத்தும் இடமும் தெரியும்.

பச்சை இரத்தம்

ஆங்கிலத்தில் கொடியவனைக் 'குரூயல்' என்பர். பிரெஞ்சு மொழி வழியாக இலத்தீனிலிருந்து வந்த சொல் இது. இலத்தீனில் 'குரூதுஸ்' என்றால் பச்சையானது, வேகாதது, இரத்தம் கசிவது என்று பொருள். காயத்திலிருந்து வழியும் இரத்தத்திற்கு அம்மொழியில் 'குருவோர்' என்று பெயர். மண்ணிலிருந்து எடுத்தபடியே சுத்திகரிக்கப்படாமல் இருக்கும் எண்ணெயைக் 'குரூடு ஆயில்' என்கிறார்களே, அந்தக் 'குரூடு'ம் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நம் வழக்கில் உள்ள 'குரூரம்' என்னும் வடசொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடையதாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இது தற்செயல் அன்று. இலத்தீனுக்கும் வடமொழிக்கும் பொதுவான ஒரு தொன்மையான வேரிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பது மொழிநூலார் முடிபு. குரூரம் என்பதும் தொடக்கத்தில் காயம்பட்டது, இரத்தம் தோய்ந்தது என்றே பொருள்பட்டது. கிரேக்கர் இறைச்சிக்கு வழங்கிய 'கிரேயாஸ்' என்பதும், ஆங்கிலத்தில் பச்சையானதைக் குறிக்கும் 'ரா' என்பதும் இவ்வேரின் கிளைகளே. ஆக, இம்மக்களின் முன்னோர் கொடுமை என்றதும் நினைத்தது பச்சை இறைச்சியையும் வழியும் குருதியையும்தாம்.

ஆங்கிலத்தின் பிற சொற்களும் உடலையே சுற்றி வருகின்றன. 'டார்ச்சர்' என்பது முறுக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது; கைகால்களை முறுக்கியதன் நினைவு அதில் உண்டு. தாங்கொணா வலியைச் சுட்டும் 'எக்ஸ்குரூஷியேட்டிங்' என்பதில் சிலுவை மறைந்திருக்கிறது. 'அட்ராசிட்டி' என்பதன் அடியில் கருமை எனப் பொருள்படும் சொல் இருக்கிறது. இருண்ட முகத்தோற்றம் என்பது கருத்து. இன்று நம் இளைஞர்கள் சிறு சேட்டைக்கும் 'அட்ராசிட்டி' என்கிறார்கள். தேய்மானம் தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் உரியதன்று போலும்! 'ரூத்லெஸ்' என்பதோ இன்னும் வியப்பானது. 'ரூத்' என்றால் இரக்கம். இன்று ஆங்கிலேயர் 'ரூத்' என்று தனியே சொல்வது அரிதிலும் அரிது. இரக்கத்தின் பெயர் மறைந்துபோக, இரக்கமின்மையின் பெயர் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இப்பெயரீட்டில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு குறையும் இருக்கிறது. துன்புறுபவனின் உடலைக் கண்முன் நிறுத்துவது உண்மை. இரத்தம் காணாத இடத்தில் கொடுமையும் இல்லை என்று எண்ணவைப்பது குறை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பூனையை அடைத்துவைத்து, தானும் உணவிடாமல், அது தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானதை எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. அங்கே ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. ஒரு கதவுதான் சாத்தப்பட்டது.

நாட்டின் சட்டமும் பிற்காலத்தில் இவ்வுண்மையை ஏற்றது. கணவனோ அவன் உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கி 1983ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டபோது, உடலுக்கு மட்டுமின்றி மனத்திற்கு இழைக்கும் கேடும் கொடுமை எனப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகளும் அவ்வாறே கூறுகின்றன. கைக்கூலி குறைந்ததென்று மருமகளிடம் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத வீட்டிலும் இரத்தம் சிந்துவதில்லை. ஆயினும் அங்கே நடப்பதற்கு வேறு பெயர் இல்லை.

பிறர் மீது சுமத்திய பழி

இன்னொரு வகைச் சொற்கள் உள்ளன. 'புரூட்டல்' என்றால் விலங்கைப் போன்ற என்று பொருள். 'சாவேஜ்' என்பது காட்டைக் குறிக்கும் 'சில்வா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'பார்பேரியன்' என்பது தம் மொழி பேசாதவர் 'பர் பர்' என்று உளறுவதாகக் கருதிய கிரேக்கர் அவர்களுக்கு இட்ட பெயர். 'வேண்டலிசம்' ஓர் இனத்தாரின் பெயரால் 1794இல் பிரான்சில் ஆக்கப்பட்டது. 'அசாசின்' என்பது இஸ்மாயீலிய நிஸாரிகளுக்கு அவர்தம் பகைவர் இட்ட வசைப்பெயரான 'ஹஷீஷிய்யா' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. நாமும் குறைந்தவர்கள் அல்லோம். 'மிருகத்தனம்' என்கிறோம், 'காட்டுமிராண்டித்தனம்' என்கிறோம்.

கொடுமை நம்முடையது அன்று, விலங்கினுடையது, காட்டானுடையது, அயலானுடையது என்று சொல்லிக்கொள்வதில் எல்லா மொழிகளும் ஒன்றுபட்டிருக்கின்றன. சற்றே சிந்திப்போம். புலி பசித்தால் கொல்லும். பசி தீர்ந்தால் படுத்துக்கொள்ளும். வரி பாக்கி என்று சொல்லி அது எவர் விரலையும் நசுக்குவதில்லை. காட்டில் வாழ்வோர் கொடியவர் என்பதும் பொய். மேற்குத் தொடர்ச்சி மலையில் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்துவந்த பளியர்களைப் பற்றி மானிடவியலார் எழுதியவற்றைப் படித்தால், சண்டையை விட்டு விலகிச் செல்வதையே அறமாகக் கொண்ட மக்களாக அவர்கள் காணப்படுகின்றனர். கொடுமைக்குக் காட்டின் பெயரை இட்டது நாட்டில் இருப்பவர் செய்த சூழ்ச்சி எனலாம்.

கிட்டியும் அண்ணாந்தாளும்

நாட்டில் நடந்ததற்குச் சான்று வேண்டுவோர் 1855ஆம் ஆண்டின் அறிக்கை ஒன்றைக் காண்க. சென்னை மாகாணத்தில் குடிகள் சித்திரவதை செய்யப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு இலண்டன் பாராளுமன்றத்தில் எழுந்ததன் பேரில், மூவர் கொண்ட விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. வரி தண்டுவதற்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் அரசின் கீழ்நிலை ஊழியர்கள் குடிகளை வதைத்துவந்தது உண்மையே என்று அக்குழு முடிவு கூறியது. 'டார்ச்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தலைப்பில் தாங்கிய அந்த அறிக்கையினுள்ளே இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி, இரு மரத்துண்டுகளுக்கிடையே விரலையோ கையையோ வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள், கயிற்றையோ அவனவன் மேல்துணியையோ கழுத்துக்கும் கால்விரலுக்குமாகப் பூட்டி, குனிந்த நிலையிலேயே மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்துவது.

அன்றைய வருவாய்த்துறையில் வழங்கிய அரபுச் சொற்களை நோக்கினால் நெஞ்சம் கனக்கிறது. 'வசூல்' என்பது 'வுஸூல்' என்னும் அரபுச் சொல். சென்றடைதல் என்று பொருள். சூஃபியாக்கள் இறைவனைச் சென்றடைவதை அச்சொல்லால் குறித்தனர். கச்சேரியிலோ அது குடியானவனின் மடியைச் சென்றடைந்தது. 'மாமூல்' என்பதும் அரபுச் சொல்லே. செய்யப்பட்டு வருவது என்று பொருள். நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருவதால் அது சரி என்று ஆகிவிடுகிறது. கொடுமை தன் சொந்தப் பெயரில் நடமாடுவது அரிது. வசூல், மாமூல், விசாரணை என்னும் போர்வைகளுக்குள்தான் அது வாழ்கிறது. இன்றும் அடி கொடுத்ததை 'நன்றாகக் கவனித்தார்கள்' என்றும், பழிதீர்த்ததைப் 'பாடம் புகட்டினார்கள்' என்றும் சொல்கிறோம் அல்லவா? கவனித்தலும் பாடம் புகட்டுதலும் தாய்க்கும் ஆசிரியனுக்கும் உரிய சொற்கள்.

இடம் மாறியதும் கல்லானதும்

இனி அரபு மொழியைக் காண்போம். அதில் கொடுமைக்குரிய தலையாய சொல் 'ளுல்மு'. ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைத்தல் என்று அறிஞர் ராகிப் இஸ்ஃபஹானீ போன்றோர் அதற்கு இலக்கணம் வகுத்தனர். அச்சொல்லைப் பாலைவன அரபியர் ஆண்ட விதம் கருதத்தக்கது. தோண்டத் தகாத நிலத்தைத் தோண்டினால், அந்நிலத்திற்கு ளுல்மு செய்யப்பட்டது என்றனர். தோற்பையில் ஊற்றிவைத்த பால் பக்குவப்படும் முன்னே எடுத்துப் பருகினால், அப்பைக்கு ளுல்மு செய்யப்பட்டது என்றனர். இடம் தவறுவதும் பருவம் தவறுவதும் அவர்களுக்குக் கொடுமையாகவே பட்டன. 'ளுல்மத்' என்னும் இருளும் இதே மூன்று எழுத்துகளால் ஆனது. ளுல்மு மறுமையில் இருள்களாக வந்து சூழும் என்று அண்ணலார் (ஸல்) எச்சரித்ததில் இவ்விரு பொருளும் கைகோத்து நிற்கின்றன.

மற்றொரு சொல் 'கஸ்வத்'. இதயம் இறுகிப்போதல் என்பது பொருள். தமிழிலும் கல்நெஞ்சன், வன்கண்ணன் என்கிறோம். இரக்கமுள்ளவனை நெஞ்சில் ஈரமுள்ளவன் என்கிறோம். திருக்குர்ஆன் 'அல்பகரா' அத்தியாயத்தில் இறுகிய இதயங்களைப் பாறைகளோடு ஒப்பிடுகிறது. ஒப்பிட்ட அளவில் நிறுத்தவில்லை. பாறைகளிலிருந்துகூட ஆறுகள் பீறிட்டு வருவதுண்டு என்று பாறைக்கு இருக்கும் சிறப்பை எடுத்துக்காட்டி மனிதனை நாணச் செய்கிறது. பாவூர்சத்திரத்தில் வாழும் நமக்கு இதனை விளக்க உரைநூல் வேண்டியதில்லை. மேற்கே குற்றாலத்தில், சாரல் காலத்தில் கரும்பாறையின் மீது வெள்ளமாய் இறங்கும் அருவியைக் கண்ட கண்களுக்கு அவ்வசனத்தின் பொருள் தானே விளங்கும்.

வளைந்த கோல்

தமிழ் இட்ட பெயரோ இவ்விரண்டினும் வேறானது. 'கொடு' என்றால் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர். வளைந்த வெட்டுக்கருவி கொடுவாள். தேளின் வளைந்த முனை கொடுக்கு. செந்தமிழுக்கு மாறாக வட்டார வழக்குகளைக் கொடுந்தமிழ் என்றனர். உரையாசிரியர் காட்டும் பன்னிரு கொடுந்தமிழ் நாடுகளுள் தென்பாண்டியும் ஒன்று. தென்பாண்டிச் சீமையார் கொடியவர் என்பது அதன் கருத்தன்று. பேச்சு சற்றே வளைந்திருக்கிறது என்பதே கருத்து. நடுவுநிலை தவறாமையைக் 'கோடாமை' என்றதும், நேர்மையைச் 'செம்மை' என்றதும் இக்கருத்தை ஒட்டியே. வள்ளுவர் செங்கோன்மைக்கு 55ஆம் அதிகாரத்தையும் கொடுங்கோன்மைக்கு 56ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வைத்தார். அடுத்தடுத்து வைத்ததிலேயே ஒரு பாடம் உண்டு. செங்கோலும் கொடுங்கோலும் இரண்டு கோல்கள் அல்ல. ஒரே கோல் நிமிர்ந்திருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல்.

இங்கேதான் நம் தாய்மொழி மற்ற மொழிகள் காட்டாத ஒன்றைக் காட்டுகிறது. கொடுமை வானத்திலிருந்து விழுவதில்லை, காட்டிலிருந்து வருவதுமில்லை. நல்ல நோக்கத்திற்காகக் கையில் எடுத்த கோல், பிடித்தவன் அறியாமலே வளையத் தொடங்கும் இடத்தில் அது தொடங்குகிறது. அரசன் கோல் குடிகளைக் காக்க எடுக்கப்பட்டது. வண்டிக்காரன் தார்க்குச்சி மாட்டை வழிப்படுத்த எடுக்கப்பட்டது. அதன் முனையில் ஆணி பதித்த அன்றே அது வளைந்துவிட்டது. மரம் நேராகத்தான் இருக்கும், வளைந்தது மனம்.

பிற்காலச் சட்டத்தமிழ், பட்டியலின மக்களுக்கும் பழங்குடியினருக்கும் எதிரான அட்டூழியங்களைத் தடுக்க 1989இல் இயற்றப்பட்ட சட்டத்திற்கு 'வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்' என்று பெயரிட்டது. வன்மையும் வளைவும் ஒன்றாய்ச் சேர்ந்த சொல் அது. இறுகிய நெஞ்சும் கோணிய முறையும் சேர்ந்தாலன்றி அத்தகைய செயல்கள் நடவா.

ஆசிரியன் கையிலுள்ள கோல்

கோல் என்றதும் ஆசிரியர்களாகிய நாம் நம் கையைப் பார்த்துக்கொள்வது கடமை. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளையை உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடுவதற்குக் கோதண்டம் என்று பெயர். கச்சேரியில் கண்ட அண்ணாந்தாளும் பள்ளித் தண்டனைகளுள் ஒன்றாக வழங்கியதுண்டு. வரி தண்டியவனும் எழுத்தறிவித்தவனும் ஒரே பெயருடைய தண்டனையைக் கையாண்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் உஸ்தாது' என்று பிள்ளையை ஒப்படைத்த தந்தையர் நம் சமுதாயத்தில் உண்டு. அன்பினால்தான் சொன்னார்கள். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியும் துணைக்கு வந்தது. மாட்டுக்குச் சொன்னது மழலைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டவர் சிலரே.

கண்டித்துத் திருத்துவதை அரபியில் 'தஃதீப்' என்பர். அது 'அதபு' என்னும் வேரிலிருந்து வந்தது. அதே வேரிலிருந்து 'மஃதுபா' என்ற சொல்லும் பிறந்திருக்கிறது. விருந்து என்று பொருள். மக்களை நல்லவற்றின்பால் விருந்துக்கு அழைப்பதுபோல் அழைப்பதால் அதபு எனப் பெயர் பெற்றது என்று மொழியறிஞர் விளக்கினர். விருந்துக்கு அழைப்பவன் கையில் பிரம்பு எதற்கு?

வரலாற்று மேதை இப்னு கல்தூன், 1377இல் எழுதத் தொடங்கிய 'முகத்திமா'வில் இதற்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கினார். வன்மையால் வளர்க்கப்படும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் குன்றுகிறது, அடிக்கு அஞ்சி அவன் பொய்யையும் சூதையும் கற்கிறான், காலப்போக்கில் அவையே அவன் இயல்பாகிவிடுகின்றன என்பது அவர் கருத்தின் சாரம். அடித்தே ஆகவேண்டுமாயினும் மூன்று அடிக்கு மேல் கூடாது என்ற மாலிக்கி அறிஞர் ஒருவர் கூற்றையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நூல்களில் எழுதப்பட்டது இது.

2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பிள்ளைகளுக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடுத்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைத்தது. ஆயினும் 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் எவராயினும் அப்பிள்ளைக்குக் கொடுமை இழைத்தால் தண்டனைக்குரியவர் என்கிறது. இவற்றைச் சட்ட நுணுக்கத்துக்காகக் கூறவில்லை. ஒரு சட்டம் நம்மை விட்டுவைத்தது என்றால் நம் பொறுப்பு இருமடங்காயிற்று என்றே பொருள். கேட்பார் இல்லாத இடத்தில் கையாளும் கோல்தான் நிமிர்ந்திருக்கிறதா வளைந்திருக்கிறதா என்பதைக் காட்டும்.

அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. திரும்பினால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இவ்வடிமையின் மீது உமக்குள்ள ஆற்றலைவிட உம்மீது அல்லாஹ்வுக்குள்ள ஆற்றல் பெரிது என்பதை அவர்கள் நினைவூட்டினார்கள். அபூ மஸ்ஊத் (ரலி) அப்போதே அவ்வடிமைக்கு விடுதலை வழங்கினார்கள். அதே அண்ணலாரிடம் பத்தாண்டுகள் பணிபுரிந்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை அவர்கள் ஒருமுறை கூடக் கடிந்துகொண்டதில்லை என்று சான்று பகர்ந்தார்கள். அண்ணலாரிடம் வந்து சேர்ந்தபோது அனஸ் (ரலி) பத்து வயதளவிலிருந்த சிறுவர். சிறுவர்கள் மறப்பதும் விளையாடுவதும் அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறவேண்டியது பெரியவர்களின் பொறுமையே.

எட்டு வயதுப் பிள்ளையிடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனனத்தை எதிர்பார்க்கும் பெற்றோரும் உள்ளனர். அண்டை வீட்டுப் பிள்ளை எத்தனை ஜுஸ்உ ஓதியிருக்கிறது என்று சுட்டிக்காட்டித் தம் பிள்ளையை நாலு பேர் முன் குறுக வைக்கின்றனர். பக்குவப்படும் முன்னே பாலை எடுத்துப் பருகுவதை அரபியர் எப்பெயரால் அழைத்தனர் என்பதை அவர்கள் நினைவிற்கொள்வது நன்று. கை ஓங்காத வீட்டிலும் ளுல்மு நுழையக்கூடும்.

சொல்லுக்குள்ளே மருந்து

மும்மொழிகளையும் ஒருங்கே நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. நோயைச் சொன்ன சொல்லே மருந்தையும் உணர்த்தி நிற்கிறது. பச்சையானது என்றது இலத்தீன்; பச்சையானது பக்குவப்படலாம். கல் என்றது அரபு. கல்லிலிருந்தும் நீர் சுரக்கலாம். இடம் மாறியது என்றது அதே மொழி. இடம் மாறியதை உரிய இடத்தில் திரும்ப வைக்கலாம். வளைந்தது என்றது தமிழ், வளைந்ததை நிமிர்த்தலாம். கண்ணகியின் வழக்கில் வளைந்த தன் கோலைப் பாண்டியன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் கதை. நம்மிடம் உயிரை எவரும் கேட்கவில்லை. ஓங்கிய கையைத் தாழ்த்தினால் போதும். சாத்திய கதவைத் திறந்தால் போதும். பேசாதிருந்த மருமகளிடம் ஒரு சொல் பேசினால் போதும்.

அதற்கு முதற்படி, நடப்பதை அதன் பெயரால் அழைப்பது. கண்டிப்பு எது, கொடுமை எது என்று ஐயம் எழும்போது ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். இச்செயல் இப்பிள்ளையை நிமிரச் செய்கிறதா, அன்றி நம் சினத்தைத் தணிக்கிறதா? சினத்தைத் தணிப்பதற்காக எழுந்த கோல் எத்துணை நேரானதாயினும் வளைந்த கோலே.

நம் இதயங்களைக் கல்லாக்காமல், நம் கைகளிலுள்ள கோல்கள் கோடாமல், நம் பொறுப்பில் விடப்பட்ட சிறியோருக்கும் எளியோருக்கும் வாயற்ற உயிர்களுக்கும் ரஹ்மத்தாக வாழும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.